ஆங்கஸ் மக்காய்

ஆங்கஸ் மக்காய் (1813 - மார்ச் 21, 1859) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேக்பைப் கலைஞரும் இசைத் தொகுப்பாளரும் ஆவார். பிரித்தானிய அரசி விக்டோரியாவின் அரண்மனையில் 1843 முதல் 1854 வரை பேக்பைப் வாசித்தவர். அப்பதவியை முதன்முதலில் வகித்தவரும் இவரே. அதுவரை ஆசானின் வாயிலிருந்து மாணவனின் காதுக்கு மட்டுமே சென்றுகொண்டிருந்த பேக்பைப் இசையை மேற்கத்திய ஐந்து கோட்டு இசைக்குறியீட்டில் பெருமளவில் எழுதி வைத்ததே இவருடைய முதன்மையான பணி. 1838 இல் இவர் வெளியிட்ட நூல், ஆசான் இல்லாதவரும் இக்கருவியைக் கற்க வழி திறந்தது. அதே நூல், ஒரே பாடல் ஊருக்கு ஊர் வேறுபட்டு ஒலித்த நிலை மறைவதற்கும் காரணமாயிற்று.

இளமையும் தந்தையும்

ஆங்கஸ், ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்கை தீவுக்கு அருகிலுள்ள ராசே என்னும் சிறு தீவில் வாழ்ந்த பேக்பைப் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை ஜான் மக்காய், ராசே தீவின் தலைவரான மக்லியோட் குடும்பத்தின் பேக்பைப் கலைஞர். வீட்டில் பேசப்பட்ட மொழி கேலிக். சகோதரர்களும் இதே கலையில் ஈடுபட்டனர். மூத்தவர்களில் ஒருவரான டொனால்ட், விக்டோரியாவின் சிற்றப்பனான சசெக்ஸ் கோமகனிடம் பணிபுரிந்தார்.

தந்தை ஜான் இக்கலையைக் கற்ற விதம் பற்றி மரபுவழிச் செய்தி ஒன்று உண்டு. அவர் பெற்றோரை இழந்த சிறுவன். ராசேயில் மால்கம் மக்லியோட் என்பவரின் வீட்டில் கால்நடை மேய்த்து வந்தார். மால்கம் வேறொரு மாணவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது அருகில் இருந்து கேட்டுக் கேட்டே சிறுவன் பாடங்களைப் பிடித்துக் கொண்டான். ஒரு நாள் மறைவில் அவன் வாசித்ததைக் கேட்ட மால்கம், மேற்கொண்டு பயில அவனைப் பெரிய ஆசான்களிடம் அனுப்பினார். ஸ்கை தீவின் மக்கிரிமன் குடும்பத்தாரிடமும் கெயர்லாக் பகுதியின் மக்காய் குடும்பத்தாரிடமும் ஜான் பயின்றார் என்பர். இச்செய்தியின் நுணுக்கங்கள் எவ்வாறிருப்பினும், ஜான் எழுத்தின் துணையின்றிக் கேள்வியாலேயே கற்றவர் என்பதில் ஐயமில்லை. அவர் 1792 இல் எடின்பரோ போட்டியில் முதற் பரிசைப் பெற்றார்.

மலைநாட்டுத் தலைவர்கள் தத்தம் குடிக்குப் பரம்பரைக் கலைஞர் ஒருவரை நிலம் கொடுத்து வைத்திருந்த வழக்கம் அக்காலத்தில் தளர்ந்து வந்தது. இதற்குக் காரணம் 1746 இல் கல்லோடன் போருக்குப் பின் ஆங்கிலேய அரசு பேக்பைப்பைச் சட்டத்தால் தடை செய்ததே என்று பல நூல்கள் எழுதுகின்றன. இது சரியன்று. ஆயுதங்களையும் மலைநாட்டு உடையையும் தடுத்த அச்சட்டங்களில் பேக்பைப் பெயர் குறிப்பிடப்படவில்லை. ஜேம்ஸ் ரீட் என்ற கலைஞர் 1746 இல் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டது உண்மை. ஆனால் அது கிளர்ச்சிப் படையில் சேர்ந்ததற்கான தண்டனை. தலைவர்கள் நிலவாடகையை மட்டும் எண்ணும் நிலக்கிழார்களாக மாறியதே கலைஞர்களின் வீழ்ச்சிக்குப் பெரிய காரணம். ராசே மக்லியோட்களும் கடனில் மூழ்கினர். 1823 இல் ஜான் குடும்பத்துடன் தீவை விட்டு வெளியேறி, கிரீஃப் நகருக்கு அருகிலுள்ள டிரம்மண்ட் கோட்டையில் வேலைக்கு அமர்ந்தார். அப்போது ஆங்கஸுக்கு வயது சுமார் பத்து.

பேக்பைப் கற்கும் முறை

மக்காய் செய்த பணியின் பொருளை அறிய, இக்கருவியைத் தொடக்க மாணவர் எவ்வாறு கற்கிறார் என்பதை அறிதல் வேண்டும்.

மலைநாட்டு பேக்பைப்பில் ஒரு தோற்பை, அதில் காற்றை ஊதி நிரப்பும் ஊதுகுழாய், விரல்களால் வாசிக்கும் குழல் ஒன்று, தோளின்மேல் சாய்ந்திருக்கும் சுருதிக் குழல்கள் மூன்று ஆகியன உள்ளன. சுருதிக் குழல்கள் நாகசுவரத்துக்கு ஒத்து ஒலிப்பது போல ஒரே சுரத்தை விடாமல் ஒலித்துக் கொண்டிருக்கும். வாசிப்புக் குழலில் ஒன்பது சுரங்கள் மட்டுமே உண்டு.

பை இருப்பதால் ஒலி ஒரு கணமும் நிற்பதில்லை. புல்லாங்குழல் வாசிப்பவர் நாவால் காற்றைத் தடுத்து ஒரே சுரத்தை இருமுறை வாசிக்கலாம். பேக்பைப்பில் அது இயலாது. ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே சுரம் இரண்டு முறை வரவேண்டுமானால் நடுவே மற்றொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு விலக வேண்டும். இவ்வாறு தொடும் அணிச் சுரங்களே இக்கருவியின் இலக்கணம். ஒரு சுரத்தை அழுத்திக் காட்டுவதும், தாளத்தின் தொடக்கத்தைக் காட்டுவதும் இவற்றாலேயே.

ஆகவே தொடக்க மாணவரிடம் முதலில் பை கொடுக்கப்படுவதில்லை. பையும் சுருதியும் இல்லாத, மெல்லிய ஒலியுடைய பயிற்சிக் குழல் ஒன்றே கொடுக்கப்படும். அதில் இடக்கை மேலும் வலக்கை கீழுமாக விரல்களை வளைக்காமல் வைத்து, ஒன்பது சுரங்களையும் ஏற்றி இறக்கி வாசிப்பது முதற்பாடம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது சில விரல்கள் மூட, சில விரல்கள் திறக்க வேண்டும். அவை ஒரே கணத்தில் நிகழாவிட்டால் இடையில் வேண்டாத சுரம் ஒன்று ஒலித்துவிடும். தொடக்க மாணவரை நெடுங்காலம் துன்புறுத்துவது இப்பிழையே. அடுத்து ஒற்றை அணிச் சுரங்கள், பின்னர் அவற்றின் கூட்டுகள். இவ்வாறு ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்த பின்னரே பெரிய கருவி கைக்கு வரும். அப்போதும் சுருதிக் குழல்களை அடைத்து வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பழகுவது வழக்கம். மூச்சு இழுக்கும் நேரத்தில் முழங்கையால் பையை அழுத்திக் காற்றின் அழுத்தம் மாறாமல் காக்க வேண்டும். அழுத்தம் சற்று மாறினாலும் சுருதி பிசகும். விரல் நன்கு பழகிய மாணவரும் இக்கட்டத்தில் மீண்டும் தொடக்க மாணவராகி விடுவது இயல்பு.

பேக்பைப் இசையில் இரு வகைகள் உண்டு. படைநடை, நடனம் ஆகியவற்றுக்குரிய சிறு பாடல்கள் ஒரு வகை. பெரிய இசை என்று கேலிக் மொழியில் வழங்கும் பீப்ராக் மற்றொரு வகை. பீப்ராக்கில் ஊர்லார் எனும் மெதுவான அடிப்படைப் பண் முதலில் வரும். பின்னர் அதன் மேல் மாறுபாடுகள் ஒன்றைவிட ஒன்று செறிவாக அடுக்கப்படும். தூர்லுவா, க்ரூன்லுவா என்பன அம்மாறுபாடுகளில் வரும் அணிகளின் பெயர்கள். க்ரூன்லுவாவில் விரல்கள் உச்ச வேகத்தில் இயங்கும். இறுதியில் ஊர்லார் மீண்டும் ஒலிக்கும். ஒரு பாடல் கால் மணி நேரம் நீள்வதும் உண்டு.

இதை ஆசான்கள் பாடியே கற்பித்தனர். அதற்கெனக் கவுன்டரக் என்ற சொற்கட்டு முறை இருந்தது. மிருதங்க ஆசான் சொற்கட்டு சொல்லிக் கொடுப்பதற்கு இது ஒப்பானது. ஆனால் இது தாளத்தை மட்டுமன்றிச் சுரத்தையும் குறித்தது. உயிரொலிகள் பெரும்பாலும் சுரத்தையும் மெய்யொலிகள் அணிகளையும் காட்டின. ஆசான் பாட, மாணவன் திருப்பிப் பாடி, பின்னர் பயிற்சிக் குழலில் வாசிப்பான். எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் தங்குவது, எங்கே நெகிழ்வது என்பதெல்லாம் ஆசானின் குரலிலேயே இருந்தன. அவற்றைத் தனியே விளக்கத் தேவை எழவில்லை.

எழுத்துக்கு மாறிய காலம்

மக்காய் பேக்பைப் இசையை முதன்முதலில் எழுதியவர் என்று சில இடங்களில் காணப்படுவது தவறு. ஜோசப் மக்டொனால்ட் 1760 அளவிலேயே இக்கருவியின் வாசிப்பு முறை பற்றி நூல் எழுதினார். அது 1803 இல் அச்சாயிற்று. காலின் கேம்பல் என்பவர் 1797 அளவில் கவுன்டரக் சொற்களையே எழுத்தாக்கி 169 பாடல்களைக் கொண்ட இரு தொகுதிகளை விட்டுச் சென்றார். 1816 இல் எடின்பரோ போட்டிக்கு அவருடைய கையெழுத்துப் படி கொண்டுவரப்பட்டபோது அங்கிருந்த பெரியோர்களுக்கு அது விளங்கவில்லை. கேலிக் மொழிக் கதை என்றே எண்ணினராம். டொனால்ட் மக்டொனால்ட் 1820 அளவில் 23 பாடல்களை ஐந்து கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். 1828 இல் கெஸ்டோவைச் சேர்ந்த நீல் மக்லியோட், மக்கிரிமன் மரபின் சொற்கட்டுகள் எனக் கூறி 20 பாடல்களைப் பதிப்பித்தார்.

இம்முயற்சிகளுக்குப் பின்புலமாக இருந்தது லண்டன் மலைநாட்டுச் சங்கம். 1781 இல் பால்கிர்க் நகரில் பேக்பைப் போட்டியைத் தொடங்கி, பின்னர் எடின்பரோவில் நடத்தி வந்த இச்சங்கம், இசையை எழுதத் தெரிந்த கலைஞர்களுக்கும் ஊக்கம் அளித்தது. ஆங்கஸ் பதின்ம வயதிலேயே அப்போட்டிகளில் கலந்துகொண்டார். இசைக்குறியீடு எழுதும் திறனுக்காகவும் பாராட்டுப் பெற்றார். 1835 இல் முதற் பரிசான பேக்பைப் அவருக்குக் கிடைத்தது.

இவ்விரு திறன்களும் ஒருவரிடம் சேர்ந்திருந்ததே மக்காயின் சிறப்பு. வாய்வழி மரபில் தலைசிறந்த ஆசான்களில் ஒருவர் அவருடைய வீட்டிலேயே இருந்தார். எழுதத் தெரிந்த பலருக்கு அத்தகைய ஆசான் இல்லை. அத்தகைய ஆசான்களுக்கோ பெரும்பாலும் எழுதத் தெரியாது.

1838 ஆம் ஆண்டு நூல்

பழம் பீப்ராக் இசைத் தொகுப்பு என்று பொருள்படும் தலைப்பில் மக்காயின் நூல் 1838 இல் வெளிவந்தது. இதில் 61 பாடல்கள் உள்ளன. பரம்பரைக் கலைஞர் குடும்பங்களின் வரலாறு, பாடல்கள் தோன்றிய கதைகள், எடின்பரோ போட்டிகளின் விவரங்கள் ஆகியனவும் இடம்பெற்றன. இக்கருவியைத் தாமே பயில விரும்புவோருக்கான வழிமுறைகள் நூலில் தரப்பட்டுள்ளதாகத் தலைப்புப் பக்கமே அறிவித்தது. அவ்வகையில் ராசேயில் ஒளிந்திருந்து கேட்டுக் கற்ற சிறுவனின் மகன், யாருக்கும் ஒளிய வேண்டிய தேவையில்லாத ஒரு வழியை உண்டாக்கினார் எனலாம்.

நூலின் வரலாற்றுப் பகுதியை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். அதை எழுதியதில் ஜேம்ஸ் லோகன் என்ற எழுத்தாளருக்குப் பெரும் பங்கு உண்டு எனக் கருதப்படுகிறது. மக்கிரிமன் குடும்பத்தின் தொடக்கம் பற்றியும், ஸ்கை தீவின் போரெரெய்க் ஊரில் அவர்கள் நடத்திய பள்ளி பற்றியும் அதில் உள்ளவற்றில் பல, சான்றுகளால் உறுதிப்படாத கதைகள். பின்னாளில் எழுதப்பட்ட எண்ணற்ற நூல்கள் அவற்றை அப்படியே எடுத்தாண்டன.

இசைப் பகுதியின் மதிப்பு வேறு. குறியீடு தெளிவாகவும் ஒரே சீராகவும் அமைந்திருந்ததால் இது விரைவில் மற்ற பதிப்புகளைப் பின்தள்ளியது. இங்கேதான் சிக்கலும் தோன்றியது. ஐந்து கோட்டுக் குறியீடு சுரங்களின் நீளத்தை முழு, அரை, கால் என்ற கணக்கில் அளந்து எழுதக் கோருகிறது. ஆசானின் குரலில் இருந்த நெகிழ்ச்சிக்கு அதில் இடமில்லை. ஏற்கனவே பாட்டைக் கேட்டறிந்தவர் கையில் அந்நூல் நினைவூட்டும் குறிப்பாகப் பயன்பட்டது. கேட்டறியாத மாணவரோ எழுதியுள்ளபடியே எண்ணி எண்ணி வாசித்தார்.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தூர்லுவா, க்ரூன்லுவா அணிகளை எழுதும்போது மக்காய் கீழ் ஏ என்னும் சுரத்தை, பிற்காலக் கலைஞர்கள் வாசிப்பதைவிட ஒன்று கூடுதலாக எழுதியுள்ளார். அவர் காலத்தில் உண்மையில் அவ்வாறு வாசித்தனரா, அல்லது அது எழுதும் வழக்கு மட்டும்தானா என்பது குறித்து இருபதாம் நூற்றாண்டில் கடும் விவாதங்கள் நடைபெற்றன. ஒரு சுரத்துக்கு இவ்வளவு சண்டையா என்று வெளியிலிருப்போர் வியக்கலாம். ஆனால் அந்த அணி ஒரு பாடலில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை வரக்கூடும்.

அரண்மனைப் பணி

மக்காய், டல்லக் பகுதியின் டேவிட்சன், ஐலா தீவின் கேம்பல் ஆகிய நிலக்கிழார்களிடம் பணிபுரிந்தார். 1841 இல் மேரி ரஸ்ஸல் என்பவரை மணந்தார்.

1842 செப்டம்பரில் விக்டோரியாவும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் முதன்முறையாக ஸ்காட்லாந்து சென்றனர். டேமவுத் கோட்டையில் பிரெடல்பேன் பிரபு அளித்த வரவேற்பில் பேக்பைப் இசை அரசியை மிகவும் கவர்ந்தது. தமக்கும் அத்தகைய கலைஞர் ஒருவர் வேண்டும் என விரும்பினார். 1843 இல் மக்காய் அப்பணிக்கு நியமிக்கப்பட்டார். அரசியின் மலைநாட்டு ஈடுபாடு அப்போதுதான் வளரத் தொடங்கியிருந்தது. பால்மோரலில் அரச குடும்பம் தங்கத் தொடங்கியது 1848 இல்தான். எனவே அரண்மனையில் மலைநாட்டுப் பண்பாட்டின் முகமாக விளங்கிய முதல் மனிதர்களில் மக்காயும் ஒருவர்.

அதே 1843 இல் அவர் சிறு பாடல்களின் தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டார். படைநடைகளையும் நடனப் பாடல்களையும் கொண்ட இதுவே தொடக்க மாணவருக்கு அதிகம் பயன்பட்டது. பீப்ராக்கை எட்டும் முன் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் வாசிப்பது இத்தகைய பாடல்களையே. போட்டிகளில் தொடர்ந்து ஒலித்துவரும் பால்மோரல் ஹைலண்டர்ஸ் எனும் படைநடை இவருடைய ஆக்கமாகக் கூறப்படுகிறது.

அரண்மனைக் காலத்திலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அச்சேறாத கையெழுத்துத் தொகுதிகள் இரண்டில் 183 பீப்ராக் பாடல்கள் உள்ளன. அச்சேறியவற்றைப் போல் இது மும்மடங்கு. நமக்குக் கிடைத்துள்ள பீப்ராக் பாடல்களில் பெரும்பகுதி இத்தொகுதிகளில் அடங்கும்.

நோயும் இறப்பும்

1854 இல் மக்காயின் மனநிலை பாதிக்கப்பட்டது. தாம் விக்டோரியா அரசியை மணந்தவர் என்றும், ஆல்பர்ட் தம் உரிமையைப் பறித்துக்கொண்டார் என்றும் நம்பத் தொடங்கினார். லண்டனில் உள்ள பெத்லம் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அரண்மனைப் பதவி வில்லியம் ராஸ் என்பவருக்குச் சென்றது. ராஸ் 1891 வரை அதில் நீடித்தார்.

1856 இல் மக்காய் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில் உள்ள கிரைட்டன் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். மார்ச் 21, 1859 அன்று அங்கிருந்து தப்பிச் சென்ற அவர், நித் ஆற்றைக் கடக்க முயன்றபோது நீரில் மூழ்கி இறந்தார். அவருக்கு அப்போது வயது 45. உடல் கிடைக்கவில்லை.

நோயின் காரணம் பற்றிப் பிற்காலத்தில் பல ஊகங்கள் எழுதப்பட்டுள்ளன. அரசியைப் பற்றிய அவருடைய மயக்கத்தை நகைச்சுவையாகச் சொல்வோரும் உண்டு. மனைவியும் நான்கு குழந்தைகளும் உள்ள ஒருவர் நாற்பதாம் வயதில் தொழிலையும் அறிவையும் ஒருசேர இழந்தார் என்பது அத்தகைய கூற்றுகளில் மறைந்துபோகிறது.

பிற்காலம்

மக்காய் தம்மிடம் நேரில் பயின்றவர்கள் வழியாகவும் வாழ்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கலைஞரான டொனால்ட் கேமரன், ஆங்கஸிடமும் அவர் தந்தை ஜானிடமும் பயின்றவர். கேமரன் குடும்பத்தின் வழியே வாய்வழிப் பயிற்சி அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

அச்சு நூலின் வழி வேறு திசையில் சென்றது. போட்டி நடுவர்கள் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினர். நூலிலிருந்து மாறுபட்ட வாசிப்பு தன் ஆசானிடமிருந்து முறையாகப் பெற்றதே ஆயினும் பிழையாக எண்ணப்படும் நிலை உருவானது. 1903 இல் தோன்றிய பீப்ராக் சங்கம், பாடல்களை ஒழுங்குபடுத்திப் பதிப்பித்தபோது மக்காயின் வடிவங்களையே பெரிதும் அடிப்படையாகக் கொண்டது. இன்வர்னெஸைச் சேர்ந்த ஜான் மக்டொனால்ட் (1865-1953) இப்போக்கில் மனக்குறை கொண்டவர்களில் ஒருவர். மால்கம் மக்பெர்சன் என்ற முதிய ஆசான் பாடிக் காட்டக் காட்டக் கற்றவர் அவர். அம்முறையிலேயே தம் மாணவர்களுக்கும் கற்பித்தார்.

கேம்பலின் தொகுதிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபின், ஒரே பாடலுக்கு வேறு வடிவங்களும் இருந்தன என்பது தெளிவாயிற்று. இன்று தேர்ந்த ஆசான்கள் இரு முறைகளையும் கலந்தே கையாள்கின்றனர். மாணவர் முன் இசைத்தாள் இருக்கும். ஆயினும் பீப்ராக் பாடம் தொடங்கும்போது தாளை மூடிவைத்துப் பாடச் சொல்லும் ஆசான்கள் உள்ளனர்.

அரண்மனைப் பேக்பைப் கலைஞர் பதவியும் நிலைத்தது. 2022 செப்டம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடைபெற்ற இரண்டாம் எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்கு, அப்பதவியில் இருந்தவர் வாசித்த இசையுடன் நிறைவுற்றது. மக்காயின் கையெழுத்துத் தொகுதிகள் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.